பட்டுப்போகும் இடுப்பெலும்பு



நீர் ஏறாத கிளை பட்டுப்போவதை நாம் அறிவோம். எலும்பும் உயிருள்ள பொருளாதலின், இரத்தம் எட்டாவிடில் அவ்வாறே பட்டுப்போகும். தொடையெலும்பின் மேல்முனை பந்துபோல் உருண்டு, இடுப்பெலும்பின் கிண்ணத்தில் பொருந்தியிருக்கிறது. அப்பந்துக்கு இரத்தம் கொணரும் நாளங்கள் மிகச் சிறியவை. பெரும்பாலும் எலும்பின் கழுத்தை ஒட்டியே மேலேறுகின்றன. கழுத்து முறிந்தாலோ மூட்டு நழுவினாலோ அவை அறுபடுகின்றன.

அடிபடாமலும் இந்நோய் வருவதுண்டு. மதுவை மிகுதியாக அருந்துவோரும், மத்திய இந்தியப் பழங்குடி மக்களிடை மிகுந்து காணப்படும் அரிவாள் அணுச் சோகை உடையோரும் இதற்கு ஆளாகின்றனர். ஸ்டீராய்டு மருந்து மற்றொரு காரணம். கோவிட் நோய்க்கு அம்மருந்து பெற்ற மூவருக்கு இக்கேடு நேர்ந்ததை மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினர். உயிர் காக்கும் மருந்தைப் பழிப்பது முறையன்று. மருத்துவரைக் கேளாமல் மாதக்கணக்கில் வாங்கி விழுங்குவதே தவறு. உண்டு வருவோர் தாமாகத் திடீரென நிறுத்துவதும் ஆபத்தே.

வலி பெரும்பாலும் தொடையிடுக்கில் தோன்றும். சிலருக்கு முழங்காலில் மட்டுமே தெரியும். அவர்கள் முழங்காலுக்குத் தைலம் தேய்த்தே காலத்தைப் போக்குவர்! தொடக்கத்தில் எக்ஸ்ரே படத்தில் குறை ஒன்றும் புலப்படாது. ஆகவே, படம் நன்றாயிருந்தும் வலி நீங்காவிடில் எம்.ஆர்.ஐ. சோதனை வேண்டும். மறுபக்க இடுப்பையும் உடன் பார்ப்பது நன்று; இரு பக்கமும் பற்றுவது மிகச் சாதாரணம்.

இவ்வளவு அவசரம் ஏன் என்பீர்கள். பந்து உருக்குலையுமுன் வந்தவருக்கே அதைக் காக்கும் வழி உண்டு. தொடையின் பக்கவாட்டிலிருந்து எலும்பினுள் துளையிட்டு, உள்ளழுத்தத்தைத் தணித்துப் புதிய நாளங்கள் வளர இடமளிக்கின்றனர். சில வேளை அத்துளையில் நல்ல எலும்பை நிரப்புவர். துளையிட்ட எலும்பு முறியாதிருக்கச் சில வாரங்கள் ஊன்றுகோலுடன் நடத்தல் வேண்டும். எல்லோருக்கும் இது பலிப்பதில்லை. எலும்புத் தேய்வுக்குரிய அலெண்ட்ரோனேட் மாத்திரையைச் சில மருத்துவர்கள் தருகின்றனர். அதன் பயன் குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு.

பந்து நொறுங்கி மூட்டும் தேய்ந்தபின் பெரும்பாலும் செயற்கை மூட்டே துணை. இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி 1962இல் உலோகப் பந்தையும் பாலிஎதிலீன் கிண்ணத்தையும் பொருத்தி வெற்றி கண்டார். இன்றைய மூட்டுகள் பல இருபது ஆண்டுகளுக்கு மேலும் உழைக்கின்றன. அறுபது வயதினருக்கு அது போதும். ஆனால் இந்நோய் பெரிதும் முப்பதிலிருந்து ஐம்பதுக்குள் வருவது. அவ்வயதில் மூட்டை மாற்றியவர் பின்னர் மீண்டும் அறுவைக்கு உட்பட நேரலாம். தரையில் சம்மணமிட்டு உண்பதும், குந்தியமர்ந்து களை பறிப்பதும் வேண்டாமென்று பலருக்கு மருத்துவர் கூறிவிடுவர்.