கதிர்வீச்சுத் திட்டமும் குடலின் காப்பும்

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை பெற்ற பெண்களுள் சிலருக்குக் கதிர்வீச்சும் தேவைப்படுகிறது. கருப்பையை நீக்கிய இடத்தில் சிறுகுடல் இறங்கி அமர்வதால் கதிர் அதனையும் தாக்குகிறது. நோய் தீர்ந்த பின்னரும் ஆண்டுக்கணக்கில் வயிற்றுப்போக்கு, குடலடைப்பு என அல்லலுறுவோர் உளர்.

வழக்கமான முப்பரிமாணத் திட்டத்தில் பெரும்பாலும் நான்கு திசைகளினின்று கதிர் பாய்ச்சப்படுகிறது. புதிய முறையிலோ ஒவ்வொரு கற்றையின் செறிவும் இடத்திற்கேற்பக் கூட்டிக் குறைக்கப்படுகிறது. நாள்தோறும் படமெடுத்து இலக்கும் சரிபார்க்கப்படுகிறது. மும்பை டாட்டா நினைவு மையத்தினர் 300 பெண்களிடம் இவ்விரண்டையும் ஒப்பிட்டு 2021-இல் முடிவை வெளியிட்டனர். மூன்றாண்டுகளில் மிதமான அல்லது கடுமையான குடல் பாதிப்பு, பழைய முறையில் 42 விழுக்காட்டினருக்கு. புதியதில் 21 விழுக்காட்டினருக்கு. நோயைக் கட்டுப்படுத்துவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை.

இதற்கு இயந்திரம் மட்டும் போதாது. குடலின் எல்லையை மருத்துவர் படந்தோறும் வரைய வேண்டும்; மருத்துவ இயற்பியலாளர் கணித்து, அளந்து பார்க்க வேண்டும். நாமோ கட்டடத்திற்கும் கருவிக்கும் நிதி ஒதுக்கிவிட்டு, இவர்களுக்கான பணியிடங்களை மறந்துவிடுகிறோம். நோயாளியும் நாள்தோறும் நீரருந்தி, சிறுநீர்ப்பை நிரம்பும்வரை காத்திருக்க வேண்டும். நிரம்பிய பை குடலை மேலே தள்ளும். அவர் காத்திருக்க நிழலும், நல்ல குடிநீரும், அருகிலேயே கழிப்பறையும் நம் திட்டத்தில் உண்டா?