தட்டில் தங்கும் சவர்க்காரம்



பாத்திரத்தில் மிஞ்சும் சவர்க்காரம் நஞ்சா என்று கேட்டீர்கள். பாத்திரம் கழுவும் சவர்க்காரம் இம்மி ஒட்டியிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் துணி துவைக்கும் தூளைப் பாத்திரத்துக்குப் போடாதீர்கள். அதில் காரம் அதிகம். கொழுந்து பறித்து வெடித்த விரல் எரியும், சரியாக அலசாவிட்டால் வயிற்றுக்கும் ஆகாது. பிள்ளைகளின் பால் போத்தலை இரண்டு தரம் அலசுங்கள். மருந்தடித்த கேனை மட்டும் எவ்வளவு கழுவினாலும் அடுப்படிக்குக் கொண்டுவர வேண்டாம்.

அலசுங்கள் என்று நான் சொல்லிவிடலாம், தண்ணீர் எங்கே? ஒரே பீலியில் முழு லயமும் வரிசையில் நிற்கிறது. மலையிறங்கி வந்தவள் ஒரு வாளித் தண்ணீரில் எத்தனை தட்டை அலசுவாள்? லயத்துக்கு லயம் குழாய் கேட்டுத் துரைக்கு எழுதிய கடிதம் தலைவரிடம் இருக்கிறது. கையொப்பம் வைத்துவிட்டுப் போங்கள்.