ஒரே எண்ணுக்குள் அடங்காத புல்



சாலையோரத்தில் ஆழமில்லாமல், சரிவான கரைகளோடு வெட்டிப் புல் வளர்த்த வாய்க்கால் மழைநீரை மெதுவாக நடத்திச் செல்கிறது, வண்டலைப் பிடித்துவைக்கிறது, ஒரு பங்கை மண்ணுக்குள் இறக்குகிறது. வடிவமைப்பு மென்பொருளுக்குள் போனதும் அது சில எண்களாகிவிடுகிறது. அவற்றில் ஒன்றைப் பற்றியே இன்று அதிகம் பேச விரும்புகிறேன். அது வாய்க்காலில் ஓடும் நீரின் வேகத்தைக் கணிக்கும் மேனிங் சமன்பாட்டின் சொரசொரப்புக் கெழு.

அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மேனிங் 1889-ல் தம் ஆய்வை முன்வைத்தார். அவர் பெயரால் வழங்கும் சமன்பாட்டில் கெழுவை நாம் மாறிலியாகவே கையாண்டு பழகிவிட்டோம். கான்கிரீட் கால்வாய்க்கு அது போதும். புல்லின் கதை வேறு. தண்ணீர் புல்லின் உயரத்துக்குக் கீழே தவழும்போது ஒவ்வொரு தாளும் அதை மறிக்கிறது, கெழு 0.25 அளவுக்கு ஏறி நிற்கும். ஆழமும் வேகமும் கூடினால் புல் சாய்ந்து படுத்துக்கொள்ளும்; கெழு 0.03, 0.04 என்று இறங்கிவிடும்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்க வேளாண் துறை 1949-ல் வெளியிட்ட ரீ, பாமர் இருவரின் அறிக்கை இதை அளந்து காட்டியது. திசைவேகத்தையும் நீரியல் ஆரத்தையும் பெருக்கி வரும் அளவு கூடக் கூடக் கெழு குறைகிறது என்பதே அதன் சாரம். புல்லின் தடையை ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கும் வழக்கமும் அந்த ஆய்வு மரபில் வந்ததுதான். அங்கே அடிக்கடி வரும் பெர்முடா புல் வேறு எதுவுமில்லை, நம் அருகம்புல்தான். அடர்ந்து 30 செ.மீ. வளர்ந்த அருகு இரண்டாம் வகுப்பில் வருகிறது. 15 செ.மீ. உயரத்துக்கு வெட்டினால் மூன்றாம் வகுப்பு, 4 செ.மீ. அளவுக்கு ஒட்ட வெட்டினால் கடைசி வகுப்பு. புல் மாறவில்லை, கத்தி மட்டுமே இடையில் வந்தது. நம் ஊர்ப் புல்லுக்கு இப்படியொரு பழைய, நம்பத்தக்க அளவீடு இருப்பதை நாம் போதிய அளவு பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பது என் வருத்தம்.

ஒரு கணக்கைப் பாருங்கள். அடிப்பகுதி அகலம் 1 மீட்டர், கரைச்சரிவு மூன்றுக்கு ஒன்று, நீளவாக்குச் சரிவு 1 சதவீதம், நீரின் ஆழம் 10 செ.மீ. கெழு 0.25 என்றால் வேகம் வினாடிக்குச் சுமார் 0.07 மீட்டர், 100 மீட்டரைக் கடக்க 22 நிமிடத்துக்கு மேல் ஆகும். அதே ஆழத்துக்கு 0.03 என்று இட்டால் வேகம் 0.6 மீட்டரைத் தாண்டும்; மூன்று நிமிடத்துக்குள் தண்ணீர் வெளியேறிவிடும். பிரிட்டனின் 2015-ஆம் ஆண்டு நிலைத்த வடிகால் கையேடு, வாய்க்கால் தூய்மையாக்க வேண்டிய சிறு மழையின் நீருக்கு வினாடிக்கு 0.3 மீட்டர் வேகத்தை வரம்பாக வைக்கிறது. ஆக, ஒரே வாய்க்கால் ஓர் எண்ணில் தேறுகிறது, இன்னோர் எண்ணில் தோற்கிறது.

மழைநீர் ஓட்டத்தைக் கணிக்க நம்மில் பலரும் பயன்படுத்தும் எஸ்.டபிள்யூ.எம்.எம். மென்பொருள் இரண்டு வழிகளைத் தருகிறது. தாழ்தாக்க அமைப்புகளின் பட்டியலில் புல் வாய்க்காலைத் தேர்ந்து கரை உயரம், புல் அடைக்கும் கன அளவு, சொரசொரப்பு, இரு சரிவுகள் ஆகியவற்றை நிரப்பலாம். அல்லது திறந்த கால்வாயாகவே வரைந்து கசிவு வீதத்தைச் சேர்க்கலாம். முதல் வழியில், கீழ்மடையில் தேங்கி எதிரேறி வரும் நீரை மாதிரி காணாது. சமதரை நகரங்களில், வடிகாலின் வாயே நீரில் மூழ்கும் இடங்களில், நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். ஆனால் நீரின் ஆழத்துக்கேற்ப மாறும் புல்லின் கெழுவை நேரடியாகக் கேட்கும் கட்டம் இரண்டு வழியிலும் இல்லை. அந்தப் பொறுப்பு நம் தலையில்தான் விழுகிறது.

மண் பாதுகாப்புப் பொறியாளர்கள் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். அரிப்பைச் சோதிக்கும்போது ஒட்ட வெட்டிய புல்லின் குறைந்த தடை. கொள்ளளவைச் சோதிக்கும்போது வெட்டாமல் விட்ட புல்லின் அதிகத் தடை. இவற்றோடு சிறு மழைக்கான ஓட்டம் ஒன்றையும் தனியே நடத்துங்கள் என்கிறேன். ஒரே கோப்பை மூன்று முறை ஓட்டுவதில் கணினிக்கு நொடிகளே செலவாகும்.

நீர் உட்புகும் வீதம் பற்றியும் ஒரு சொல். கிரீன், ஆம்ப்ட் இருவரின் 1911 சமன்பாடு இன்றும் மென்பொருளுக்குள் நன்றாகவே உழைக்கிறது. நாம் அதற்கு ஊட்டும் மண் அளவுதான் பெரும்பாலும் பாடநூல் அட்டவணையிலிருந்து வருகிறது. சாலை வேலை நடந்த இடத்தில் உருளையும் லாரியும் மண்ணை இறுக்கிவிட்டிருக்கும். அட்டவணை மண் அங்கே இல்லை. வேலை முடிந்த பிறகு, வாய்க்காலின் அடியில், இரட்டை வளையச் சோதனை செய்து பெற்ற எண்ணே எனக்கு வேண்டும்.

ஆகவே கட்டுரை வாசிப்போருக்கு ஒரு வேண்டுகோள். முடிவுகளின் வரைபடத்தைக் காட்டுமுன், நீங்கள் எடுத்த கெழு என்ன, அது எந்த உயரப் புல்லுக்கு உரியது, உட்புகும் வீதத்தை எந்த மாதத்தில் அளந்தீர்கள் என்று சொல்லுங்கள். சித்திரை வெயிலில் காய்ந்து திட்டுத் திட்டாய் நிற்கும் புல்லும் ஐப்பசி மழையில் செழித்த புல்லும் ஒரே கோப்பில் ஒரே எண்ணாக நிற்கக் கூடாது. மாணவர்கள் தயங்காமல் இந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டும். மூத்தோர் பொறுமையோடு விடை தர வேண்டும். இத்துடன் முதல் அமர்வைத் தொடங்கி வைக்கிறேன்.