இதயத்துக்குள் ஒரு திசைகாட்டி



பள்ளிக்கூடத்தில் திசைகாட்டி பார்த்திருப்பீர்கள். எப்படி வைத்தாலும் முள் வடக்கே திரும்பி நிற்கும். ஆனால் பெட்டியோடு வடக்கே நகர்ந்து போய்விடாது. பூமியின் காந்தப்புலம் முள்ளைத் திருப்பும், இழுத்துக்கொண்டு போகாது. இதே வித்தையை இன்று மருத்துவர்கள் இதயத்துக்குள் காட்டுகிறார்கள்.

இதயத் துடிப்பு தாளம் தப்பினால், கோளாறு கிளம்பும் இடத்தைச் சுட்டுவிடுவது ஒரு சிகிச்சை. தொடை இடுக்கில் உள்ள ரத்தக்குழாய் வழியே ‘கதீட்டர்’ என்ற மெல்லிய குழாயை இதயம்வரை தள்ளுவார்கள். கைப்பிடியை அசைத்தால், உள்ளிருக்கும் கம்பி இழுபட்டு நுனி வளையும். இதற்குக் குழாய் ஓரளவு விறைப்பாக இருந்தாக வேண்டும். விறைத்த நுனி, துடிக்கும் இதயச் சுவரில் அழுந்தினால் துளை விழும் அபாயம் உண்டு.

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து ஸ்டீரியோடாக்ஸிஸ் நிறுவனம் வேறு வழி பிடித்தது. நோயாளியின் இருபுறமும் இரண்டு பெரிய காந்தங்கள். கதீட்டர் நுனியில் குட்டிக் காந்தங்கள். பெரியவை திரும்பினால் உள்ளே நுனியும் திரும்பும். முன்னே தள்ள வெளியே ஒரு மோட்டார். கம்பி இல்லாததால் குழாயை நன்றாகத் துவளும்படி செய்ய முடிகிறது. இதற்குப் புலம் சுமார் 0.1 டெஸ்லா போதும், எம்.ஆர்.ஐ. கருவிகளில் பரவலாக உள்ளது 1.5 டெஸ்லா. மருத்துவர், எக்ஸ்-ரே கதிரைத் தடுக்க அணியும் கனமான ஈய அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, பக்கத்து அறையில் திரைக்கு முன் உட்கார்ந்து கதீட்டரை ஓட்டுகிறார்.

சரி, காந்தத்தால் இழுத்தே கொண்டுபோக முடியாதா?

முடியும். 2007-ல் கனடாவின் மான்ட்ரியலில் சில்வேன் மார்ட்டெல் குழுவினர், உயிருள்ள பன்றியின் கழுத்துத் தமனியில் 1.5 மில்லிமீட்டர் உலோக உருண்டையை விநாடிக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் வேகத்தில் ஓட்டினார்கள். அதற்கு எம்.ஆர்.ஐ. கருவியே தேவைப்பட்டது. தூரம் கூடினால் காந்தத்தின் இழுவை மளமளவென்று குறைந்துவிடும், அதுதான் சிக்கல்.

இரைப்பையில் வேலை கொஞ்சம் எளிது. விழுங்கும் கேமரா மாத்திரைக்கு அமெரிக்காவில் 2001-லேயே அனுமதி கிடைத்தது. சிறுகுடல் குறுகிய குழாய் என்பதால், குடலின் அசைவே மாத்திரையைத் தள்ளிக்கொண்டு போகும். இரைப்பையோ அகன்ற பை. மாத்திரை ஒரு மூலையில் உருண்டு கிடந்துவிடும். அதனால் நோயாளியை நிறையத் தண்ணீர் குடிக்கவைத்து, மிதக்கும் மாத்திரையை வெளியிலுள்ள காந்தத்தால் திருப்பிப் படம் எடுக்கிறார்கள். இந்த முறைக்கு அமெரிக்காவில் 2020-ல் அனுமதி கிடைத்தது.

நேயர்கள் மறக்கக் கூடாத ஒன்று: கேமரா மாத்திரை விழுங்கியவர்கள், அது மலத்தோடு வெளியேறிவிட்டது என்று உறுதியாகும்வரை எம்.ஆர்.ஐ. எடுக்கக் கூடாது. பேஸ்மேக்கர் பொருத்தியிருப்பவர்கள், காந்தம் சம்பந்தப்பட்ட எந்தப் பரிசோதனைக்கும் முன்பு அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.