தேக்கு
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

மரங்களுள் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். மும்பையில் வாழும் நமக்குத் தேக்கைவிட நெருங்கிய மரம் வேறு எது? தென்னாட்டுச் சொல்லான ‘தேக்கு’ போர்ச்சுகீசியர் நாவில் ‘டேக்கா’ ஆகி, ஆங்கிலத்தில் ‘டீக்’ என வழங்கலாயிற்று. தாவரவியலார் இதனை இன்று துளசியின் குடும்பத்தில் வைக்கின்றனர்! முறம் போன்ற அதன் இளந்தளிரைக் கசக்கினால் கை சிவக்கும்; சிறுவர்கள் அறிவார்கள்.

வைரம் பாய்ந்த தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. ஆதலின் கறையான் எளிதில் அணுகாது. ஓக் மரத்தின் புளிப்பு இரும்பாணியை அரிக்கும். தேக்கோ ஆணியைக் காக்கும். கப்பல் கட்டுவோர் இதனை நாடியதற்கு இதுவே காரணம். 1736-இல் சூரத்திலிருந்து வந்த லவ்ஜி நசர்வான்ஜி வாடியாவின் வழியினர் இந்நகரத் துறையில் மரக்கலங்கள் கட்டினர். அவற்றுள் 1817-இல் மலபார்த் தேக்கால் உருவான ஒரு போர்க்கப்பலுக்குத் திருகோணமலையின் பெயரைச் சூட்டினர். இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் துறையில் அக்கப்பல் இன்றும் மிதக்கிறது.

ஆனால் கப்பல்கள் பெருகக் காடுகள் வெறுமையாயின. மலபார் கலெக்டர் கனோலி, 1840-களில் நிலம்பூரில் தேக்குத் தோப்பு வளர்க்க முற்பட்டார். கடினமான ஓட்டுக்குள் இருக்கும் விதை எளிதில் முளைக்க மறுத்தது. பலமுறை தோற்ற பின், சாத்து மேனனின் உழைப்பால் கன்றுகள் எழுந்தன. கனோலி 1855-இல் கொலையுண்டார். அவர் பெயரால் வழங்கும் தோப்பில் பெருமரங்கள் இன்றும் நிற்கின்றன.

இவ்வரலாற்றை நான் முன்பே படித்திருந்தால் என் பணம் பிழைத்திருக்கும். 1990-களில் தேக்கு வளர்ப்பு நிறுவனங்கள் பல தோன்றின. சில ஆயிரம் கட்டினால் இருபதாண்டில் இலட்சங்கள் என்றார்கள். மகளின் திருமணத்துக்கென்று வைத்திருந்ததில் ஒரு பகுதியை நானும் கட்டினேன். நிறுவனத்தின் பெயர் வேண்டா. அலுவலகமும் இல்லை, மரமும் இல்லை. நீர் பாய்ச்சி விரைந்து வளர்த்த இளமரத்தில் வெளிறு மிகுதி, வைரம் குறைவு என்பதைப் பின்னர்த் தச்சர் ஒருவரே எனக்கு விளக்கினார்.

அவரையே சென்ற மாதம் மீண்டும் அழைத்தேன். நம் குடியிருப்பின் பழைய கட்டடத்தை இடித்தபோது, பச்சை வண்ணம் பூசிய கதவுநிலை ஒன்றை விறகோடு சேர்த்து எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். தச்சர் ஓரத்தை இழைத்தார். பொன்னிறம் தோன்றியது, பதனிட்ட தோலின் மணம் எழுந்தது. விறகு விலைக்கே வாங்கினோம். இப்போது அது நம் நூலக வாயிலில் நிற்கிறது. திரும்பும்போது அன்பர்கள் தொட்டுப் பார்த்துச் செல்லலாம். இடப்பக்க ஓரம் இன்னும் இழைக்கப்படவில்லை, சிராய் குத்தும்.