முட்டை வளர்க்கும் ஊசியும் பின்னாளைய பயமும்



கல்யாணமான மறுமாதமே "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்கத் தொடங்கிவிடுவோம் நாம். அந்தக் கேள்வியைச் சில வருடங்கள் தாங்கிய பெண், கடைசியில் கருத்தரிப்பு மையத்துக்குப் போகிறாள். அங்கே பக்கத்து நாற்காலிக்காரர் காதோடு சொல்வது வேறு: "முட்டை வளர ஊசி போட்டால் பின்னாளில் கேன்சர் வருமாமே!"

இந்தப் பயம் வெறும் வதந்தியில் பிறந்ததல்ல. ஒவ்வொரு மாதமும் முட்டை வெளியேறும்போது சினைப்பையின் மேல்தோல் கிழிந்து, மறுபடி ஆறுகிறது. ஓயாமல் கிழிவதும் ஆறுவதும்தான் புற்றுநோய்க்கு வழிவிடுகிறதோ என்று எகிப்திய மருத்துவர் மஹ்மூத் ஃபதல்லா 1971-இல் எழுதினார். முட்டையைத் தூண்டுவதுதானே குளோமிஃபீன் மாத்திரைக்கும் ஹார்மோன் ஊசிக்கும் வேலை? சந்தேகம் வராமல் இருக்குமா? 1994-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் 3837 பெண்களைப் பற்றிய ஆய்வு வந்தது. குளோமிஃபீனை 12 சுழற்சிகளோ அதற்கு மேலோ சாப்பிட்டவர்களிடம் சினைப்பைக் கட்டிகள் கூடுதலாகத் தெரிந்தன. ஆனால் அந்த ஆய்வில் கண்ட கட்டிகள் மொத்தமே 11. அவ்வளவு சின்ன எண்ணிக்கையை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பிள்ளை பெறாத பெண்களுக்கு, மருந்தைத் தொடாவிட்டாலும், சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சற்று அதிகம். கருப்பையின் உட்சுவர்த் திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் இருப்பவர்களுக்கும் அப்படித்தான். மருந்து தேடி வருபவர்களில் பலர் இவர்களே. இவர்களை ஊரிலுள்ள எல்லாப் பெண்களோடும் ஒப்பிட்டுவிட்டு மருந்தின் மேல் பழி போடுவது, குடை வைத்திருப்பவர்கள்தான் அதிகம் நனைகிறார்கள் என்று குடையைக் குறை சொல்வது போன்றது.

ஆகவே குழந்தையின்மைக்காக வந்தவர்களுக்குள்ளேயே மருந்து எடுத்தவர், எடுக்காதவர் என்று பிரித்துப் பார்த்தார்கள். டென்மார்க்கில் 54,362 பெண்கள். 2009-இல் வெளியான முடிவில், மருந்தால் சினைப்பைப் புற்றுநோய் கூடியதாக உறுதியான சான்று இல்லை. நெதர்லாந்தில் சோதனைக்குழாய் சிகிச்சை பெற்ற 19,158 பெண்களைச் சராசரியாக 21 ஆண்டுகள் கண்காணித்தார்கள். 55 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் கண்டவர்கள் இவர்களில் 3 சதவீதம்; அந்தச் சிகிச்சை பெறாதவர்களில் 2.9.

அதற்காக எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். புற்றாக முழுதாக மாறாத, மெதுவாக வளரும் ஒருவகைச் சினைப்பைக் கட்டி, சோதனைக்குழாய் சிகிச்சை பெற்றவர்களிடம் கொஞ்சம் கூடுதலாகக் காணப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் அறுவை சிகிச்சையில் குணமாவதுதான் அது. தவிர, சினைப்பைப் புற்றுநோய் பொதுவாக வயதான காலத்து நோய். ஊசி போட்டுக்கொண்ட தலைமுறையில் பலர் இன்னும் அந்த வயதைத் தொடவில்லை.

லெட்ரோசோலையும் சொல்லியாக வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்கான மாத்திரை இது. முட்டை வளரவும் தருகிறார்கள். சீட்டைப் பார்த்துப் பதறுபவர்கள் உண்டு. குழந்தைக்கு ஊனம் வரலாம் என்ற அச்சத்தில் 2011-இல் இந்திய அரசு இந்தப் பயன்பாட்டைத் தடை செய்தது, பிற்பாடு விலக்கிக்கொண்டது. இடையில், 2014-இல், சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை (PCOS) உள்ள 750 பெண்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வில் குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 சதவீதம் பேர் பிள்ளை பெற்றார்கள், லெட்ரோசோலில் 27.5 சதவீதம்.

என் கவலையெல்லாம் இருபது வருடம் கழித்து வரக்கூடியதைவிட, இந்த மாதமே வரக்கூடியதைப் பற்றியது. ஊசியால் சினைப்பை அளவுமீறித் தூண்டப்பட்டால் வயிறு உப்பும், நீர் கோக்கும், மூச்சு வாங்கும், சிறுநீர் குறையும். அப்போது காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரட்டை, மூன்று எனக் கரு தங்கினால் தாய்க்கும் ஆபத்து, குறைமாதப் பிள்ளைகளுக்கும் ஆபத்து. பழைய சீட்டைக் காட்டி, ஸ்கேன் பார்க்காமலே, மாதாமாதம் குளோமிஃபீன் வாங்கி விழுங்குவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பொதுவாக ஆறு சுழற்சிகளுக்கு மேல் அதைத் தொடர்வதில்லை.

மையம் மாறும்போது எந்த மருந்து, எத்தனை சுழற்சி என்ற விவரத்தைக் கையோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அம்மா வழியிலோ அப்பா வழியிலோ யாருக்காவது மார்பக, சினைப்பைப் புற்றுநோய் இருந்திருந்தால், முதல் ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அவரே கேட்கட்டும் என்று இருந்துவிடாதீர்கள்.