வசந்த விஹாரில் கேட்டது

டிரங்க் கால் என்றால் என்னவென்று இன்றைய பிள்ளைகளுக்கு விளக்கித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அன்று வெளியூருக்குப் பேச வேண்டுமானால் முதலில் எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டுப் பதிவு செய்ய வேண்டும். ஆபரேட்டர் ஒரு சிறிய சீட்டில் ஊர், எண், கூப்பிடுகிறவர் பெயர் எல்லாம் எழுதிக்கொள்வார். அந்தச் சீட்டை நாங்கள் டிக்கெட் என்போம். சாதாரண கால் என்றால் மணிக்கணக்கில் காத்திருக்க நேரும். அவசரத்துக்கு அர்ஜெண்ட். அதையும் தாண்டிய அவசரத்துக்கு லைட்னிங், அதற்குக் கட்டணம் எட்டு மடங்கு. மூன்று நிமிடத்துக்கு ஒரு கணக்கு. நேரம் முடிந்ததும் நடுவில் புகுந்து, "த்ரீ மினிட்ஸ் ஆச்சு சார், எக்ஸ்டென்ஷன் வேணுமா?" என்று கேட்போம். சென்னையில் நான் பார்த்த வேலை அதுதான். காதில் ஹெட்செட், எதிரே லைன்களை இணைக்கும் போர்டு, கை நிறைய ஒயர்.

பி.பி. கால் என்று ஒன்று உண்டு. குறிப்பிட்ட ஓர் ஆளையே வரவழைத்துப் பேசுவதற்கானது. கிராமத்தில் தபாலாபீசில் மட்டும்தான் போன் இருக்கும். அங்கிருந்து யாராவது ஓடிப்போய், "உங்களுக்கு மெட்ராஸ்லேருந்து போன் வந்திருக்கு" என்று சொல்லி அழைத்து வர வேண்டும். ஓடி வந்த மூச்சிரைப்பு எங்கள் காதில் விழும். இந்தப் பக்கம் மகன், அந்தப் பக்கம் தாய். இரண்டு பேரும் "ஹலோ, ஹலோ" என்றே சொல்லிக்கொண்டிருப்பார்கள். "லைன்ல இருக்காங்கம்மா, பேசுங்க" என்று நாங்கள் எடுத்துக்கொடுக்க வேண்டியிருக்கும்.

பேச்சை ஒட்டுக்கேட்கக் கூடாது என்பது விதி. ஆனால் லைன் சரியாக இருக்கிறதா என்று சில நொடிகள் பார்த்தாக வேண்டும். அந்தச் சில நொடியில் வார்த்தைகள் மனதில் பதியாது, ஆனாலும் ஒன்று தெரிந்துவிடும். எதிர்முனையில் இருப்பவர் நிஜமாகவே கேட்டுக்கொண்டிருக்கிறாரா, இல்லையா என்பது. அவர் சொல்லும் "ம்" காட்டிக்கொடுத்துவிடும். கணக்குப் பார்த்துக்கொண்டே சொல்லும் "ம்" ஒன்று. சீக்கிரம் முடி என்று தள்ளிவிடும் "ம்" ஒன்று. அடுத்த சொல்லுக்காகக் காத்து நிற்கும் "ம்" இன்னொன்று. இதை நாங்கள் யாரும் தனியாகப் படித்துக்கொள்ளவில்லை. நாள்தோறும் காதில் விழுந்து விழுந்து வந்த பழக்கம்.

எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு ஜனவரி மாதம், என்னோடு போர்டில் உட்காரும் தோழி கேட்டாள்: "கிரீன்வேஸ் ரோட்ல ஜே. கிருஷ்ணமூர்த்தி பேசறாராம். டிக்கெட் கிடையாது, யாரு வேணா போலாமாம். டூட்டி முடிஞ்சதும் வர்றியா?"

எனக்குப் பக்தி எல்லாம் இல்லை, பார்க்க வேண்டும் என்ற ஆவல்தான் இருந்தது. அவர் கதை அப்படிப்பட்டது. 1909-ல் அடையாறு கடற்கரையில் ஒல்லியான ஒரு பையன். தாயில்லாப் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் மந்தம் என்று அடி வாங்கியவன். தகப்பனார் நாராயணய்யா பிரம்மஞான சபையில் வேலை பார்த்தார். அந்தப் பையனைப் பார்த்த, சபையைச் சேர்ந்த லெட்பீட்டர், உலகத்துக்கு வரப்போகும் குரு இவன் உடம்பில்தான் இறங்கப் போகிறார் என்றார். சபைத் தலைவர் அன்னிபெசன்ட் அம்மையார் அவனையும் தம்பியையும் தன் பொறுப்பில் எடுத்து வளர்த்தார். தகப்பனார் பிள்ளைகளைத் திரும்பக் கேட்டுச் சென்னை உயர்நீதிமன்றம் வரை போய் ஜெயித்தார், லண்டன் பிரிவி கவுன்சிலில் தோற்றார். 1911-ல் அந்தப் பையனுக்காகவே ஓர் உலக அமைப்பு தொடங்கப்பட்டது. பல நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள். 1929 ஆகஸ்ட் 3-ம் தேதி, ஹாலந்தில் ஓமன் என்ற ஊரில், கூடியிருந்த அன்பர்கள் முன்னிலையிலேயே கிருஷ்ணமூர்த்தி அந்த அமைப்பைக் கலைத்துவிட்டார். உண்மையைச் சென்றடைய யாரும் யாருக்கும் வழி போட்டுக் கொடுக்க முடியாது, எனக்குச் சீடர்கள் வேண்டாம் என்றார். நன்கொடையாக வந்த கோட்டையையும் நிலத்தையும் கொடுத்தவருக்கே திருப்பிக் கொடுத்தார்.

உட்கார வைத்த சிம்மாசனத்திலிருந்து தானாகவே எழுந்து போன ஒரு மனிதர், அதற்கப்புறம் ஐம்பது வருஷத்துக்கு மேல் ஊர் ஊராகப் போய் என்னதான் பேசுகிறார்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் போனேன்.

பேச்சு நடந்த வசந்த விஹார் அடையாற்றின் வடகரையில் இருக்கிறது. ஆற்றின் மறுகரையில் அவர் வளர்ந்த பிரம்மஞான சபை. நாங்கள் போனபோது வெயில் தாழ்ந்திருந்தது. மரங்களுக்குக் கீழே ஜமக்காளம் விரித்திருந்தார்கள், வயதானவர்களுக்குப் பின்னால் நாற்காலி. காலேஜ் பிள்ளைகள், வெள்ளைக்காரர்கள், விபூதி பூசிய பெரியவர்கள், ஆபீசிலிருந்து பையோடு நேரே வந்தவர்கள் எல்லாரும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு மாமி. மந்தைவெளியிலிருந்து வருஷா வருஷம் வருகிறவர். "மாமி, எனக்கு இங்கிலீஷ் ஓரளவுதான். புரியுமா?" என்று கேட்டேன். "புரிஞ்சே ஆகணும்னு உட்காராதேம்மா. சும்மா கேளு" என்றார். அந்த மாலையில் எனக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை அதுதான்.

கிருஷ்ணமூர்த்தி தனியாக நடந்து வந்தார். வெள்ளை ஜிப்பா, மெலிந்த உடம்பு, எண்பதைத் தாண்டிய வயதிலும் நிமிர்ந்த நடை. மேடையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கைகூப்பிவிட்டு, கொஞ்ச நேரம் கூட்டத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார். மாலை இல்லை, பஜனை இல்லை, வரவேற்புரை இல்லை, தட்டு ஏந்தி யாரும் வரவில்லை. கையில் ஒரு சிறு தாள்கூட இல்லாமல் பேச ஆரம்பித்தார். தன்னை 'நான்' என்று சொல்லாமல் 'பேசுகிறவர்' என்று சொல்லிக்கொண்டார். இது சொற்பொழிவில்லை, நாம் சேர்ந்து யோசிக்கிறோம் என்றார். எனக்கு முன்னால் இருந்தவர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தார். குறிப்பெடுக்க வேண்டாம், எழுதிக்கொண்டிருந்தால் எப்படிக் கேட்பீர்கள் என்று கிருஷ்ணமூர்த்தி சொன்னதும், மெதுவாக அதை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

கூடு அடையும் நேரம், மரமெல்லாம் காக்கைகள் கத்தின. அவருடைய சென்னைப் பேச்சுகளின் ஒலிப்பதிவுகளை இன்று போட்டுக் கேட்டாலும் அந்தக் காக்கைகள் கூடவே பேசும். அவர் அதைத் தொந்தரவாக நினைக்கவில்லை. அந்தச் சத்தத்தையும் கேளுங்கள், எதிர்க்காமல் கேளுங்கள் என்றார். அதுவரை அந்தச் சத்தத்தை ஒதுக்கிவிட்டுப் பேச்சை மட்டும் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒதுக்குவதை நிறுத்தியதும் இரண்டும் தெளிவாகவே கேட்டன. டிரங்க் போர்டில் இரைச்சல் லைனில் பேச்சைப் பிரித்தெடுக்கும்போதும் இப்படித்தான், இரைச்சலோடு சண்டை போட்டால் எதுவும் கேட்காது.

அவர் பேசியதில் பாதிக்கு மேல் எனக்கு எட்டவில்லை. காலம், எண்ணம், பயம் என்று வெகுதூரம் போனார். ஆனால் ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். நான் சொல்வதை நீங்கள் கேட்கவே இல்லை என்கிற மாதிரி ஒன்று சொன்னார். நான் ஒன்று சொன்னால், இது கீதையில் இருக்கிறதே, சங்கரர் சொன்னதுதானே என்று ஒப்பிட்டுப் பார்க்கிறீர்கள். ஒப்பிடும்போது கேட்பது நின்றுபோகிறது. அதேபோலத்தான் வீட்டிலும். கணவனுக்கு மனைவியைப் பற்றி ஒரு பிம்பம், மனைவிக்குக் கணவனைப் பற்றி ஒரு பிம்பம். பேசுவது அந்த இரண்டு பிம்பங்களும்தான், மனிதர்கள் சந்திப்பதே இல்லை. இது என் வார்த்தையில் சொன்ன சாரம்.

எனக்கு உடனே போர்டு நினைவுக்கு வந்தது. எத்தனை புருஷன் பெண்டாட்டி அந்த லைனில் பேசியிருக்கிறார்கள்! அந்தம்மா வாய் திறப்பதற்கு முன்பே, "தெரியும், பணம்தானே?" என்று ஆரம்பிக்கிற குரல்கள். அவள் என்ன சொல்லக் கூப்பிட்டாள் என்பது மூன்று நிமிடம் முடிகிற வரைக்கும் வெளியே வராது. நாங்கள் லைனை இணைத்துக் கொடுத்துவிடுவோம். இணைப்பு மட்டும் நடக்காது.

பேச்சு முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். சிலர் அவர் பக்கத்தில் போய் நின்று பார்த்தார்கள். மாமி எழுந்து புடவையைத் தட்டிவிட்டு, "அடுத்த பேச்சுக்கும் வா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கிருஷ்ணமூர்த்தியின் கடைசிப் பேச்சும் அதே வசந்த விஹாரில்தான், 1986 ஜனவரி 4-ம் தேதி. அடுத்த மாதம் 17-ம் தேதி கலிபோர்னியாவில் ஓஹாய் என்ற ஊரில் காலமானார். தொண்ணூறு வயது.

நான் அவருடைய அன்பராகிவிடவில்லை. ஒரு விஷயத்தில் இன்றைக்கும் எனக்கு அவரோடு சம்மதம் கிடையாது. கேட்பதற்கு முறை எதுவும் கிடையாது, பயிற்சி என்று ஆரம்பித்தாலே அது பழக்கமாகிச் செத்துவிடும் என்பது அவர் கட்சி. தவிப்பில் இருக்கிறவர் பிடித்துக்கொள்ள ஒரு கை தேடுவதையும் அவர் அவ்வளவாக ஒப்புக்கொள்ள மாட்டார். எனக்கு அனுபவம் வேறு. எங்கள் வேலையில் சேர்ந்த பெண்களுக்குக் குரலைத் தணித்துப் பேசவும், எதிராளி முடிக்கும் வரை பொறுக்கவும் சொல்லித்தான் கொடுத்தார்கள். பதற்றத்தோடு கூப்பிடுகிறவரிடம் முதலில் ஊர்ப் பெயரை மட்டும் கேள், அதிலேயே அவர் பாதி நிதானத்துக்கு வந்துவிடுவார் என்று எங்கள் சூப்பர்வைசர் அம்மா சொல்வார். சாவுச் சேதி சொல்ல லைட்னிங் கால் போடுகிறவர்களிடம் அதைச் செய்து பார்த்திருக்கிறேன். பலன் இருந்தது.

இதைவிடப் பெரிய சான்று இதே சென்னையில் இருக்கிறது. கிருஷ்ணமூர்த்தி காலமான அதே 1986-ல், மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 'ஸ்னேகா' என்ற அமைப்பைத் தொடங்கினார். உயிரை விட்டுவிடலாம் என்று தவிக்கிறவர்கள் கூப்பிட்டுப் பேசுவதற்கான இடம். போனை எடுக்கிறவர்கள் தன்னார்வலர்கள். வீட்டு வேலையோ ஆபீஸ் வேலையோ பார்த்துவிட்டு வருகிற சாதாரண மனிதர்கள். அவர்களுக்குப் பயிற்சி உண்டு. அந்தப் பயிற்சியில் முக்கியமான பாடமே, புத்திமதி சொல்லாதே, தீர்ப்புச் சொல்லாதே, கேள் என்பது. 1953-ல் லண்டனில் சாட் வரா என்ற பாதிரியார் தொடங்கிய சமாரிட்டன்ஸ் அமைப்பின் வழியும் இதுதான். உலகம் பூராவும் இப்படி ஒருவர் குரலை இன்னொருவர் பொறுமையாகக் கேட்பதற்கு ஆட்களைப் பழக்குகிறார்கள், அது நடக்கிறது.

போர்டில் வந்த பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா இருக்கிறார். மகன் வெளிநாட்டில். சாயங்காலம் கீரை ஆய்ந்துகொண்டே ஒரே கதையைத்தான் சொல்வார்: பையன் எட்டாவது படிக்கும்போது காணாமல் போய் ராத்திரி பத்து மணிக்குத் திரும்பி வந்த கதை. தெருவில் எல்லாருக்கும் அது மனப்பாடம். அவர் ஆரம்பித்ததும், "அதான் சொன்னீங்களே பெரியம்மா, டென்ட் கொட்டாய்க்குப் போயிருந்தான்" என்று முடித்துவைத்துவிடுவார்கள். நான் முடித்துவைப்பதில்லை. சேர்ந்து கீரை ஆய்ந்துகொண்டு கேட்பேன். போன மாதம் அந்தக் கதையில் ஒரு வரி புதிதாக வந்தது. பையன் திரும்பி வந்த ராத்திரி, அவன் அப்பா வாசலில் உட்கார்ந்து அழுதாராம். "அவர் அழுது நான் பார்த்தது அது ஒண்ணுதான்டி" என்றார். அவர் போய் இருபது வருஷம் ஆகிறது. மகனுக்கு இது தெரியுமா என்று கேட்டேன். "அவன்கிட்ட சொன்னதே இல்லையே" என்றார். அன்றைக்கே வாட்ஸ்அப்பில் கூப்பிட்டுக் கொடுத்தேன். பேசினார். எழுந்து போகப் பார்த்த என் கையைப் பிடித்து உட்காரவைத்துக்கொண்டு, அரை மணி நேரத்துக்கு மேல் பேசினார்.